உள்ளே மழை பெய்யும் கோட்டு

ஏழுகிடாய்ப்பட்டியில் ரெண்டு வருஷமாக மழை இல்லை. ரெண்டாவது வருஷத்துப் புரட்டாசியில் வெயிலுகந்தாள் ஒரு மழைக்கோட்டு வாங்கினாள். வாங்கிய எட்டாம் நாள் அந்தக் கோட்டுக்குள் மழை பெய்தது. இந்த மூன்றில் ஊருக்கு அதிசயமாகப் பட்டது எதுவென்றால், மூன்றும் இல்லை, ரெண்டு பிள்ளைகளையும் கட்டிக்கொடுத்துவிட்ட ஒரு பொம்பளை நாற்பத்தொன்பது வயசில் கியர் வண்டி ஓட்டப்போகிறாள் என்பதுதான்.

அவள் ஆசைக்கு ஓட்டவில்லை. பிரஷர்காரர்களுக்கும் சர்க்கரைக்காரர்களுக்கும் ஆஸ்பத்திரி மாத்திரையை மாசாமாசம் வீட்டு வாசலில் கொண்டுபோய்க் கொடுத்து, கையில் பட்டையைச் சுற்றிப் பிரஷர் பார்த்து, நோட்டில் எழுதிவருகிற வேலை அவளுக்கு. படித்தது எட்டாவதுவரைதான் என்றாலும், எந்த வீட்டில் மாத்திரையைக் கோழித் தீவனத்தோடு சேர்த்துக் கொட்டுகிறார்கள், எந்த வீட்டு மாமியார் மருமகள் பார்க்க விழுங்குவதற்கு வெட்கப்படுகிறாள் என்பதெல்லாம் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். ஒன்பது வருஷம் ஆறு ஊருக்கும் நடந்தே போனாள், முட்டி தேய்ந்தது. அந்த வருஷம் புதிதாக வந்த டாக்டரம்மா ஆறு ஊரைப் பத்து ஊராக்கிவிட்டு, "ஐப்பசி முடியறதுக்குள்ள வண்டியும் லைசென்ஸும் வேணும்மா, இல்லன்னா வேற ஆளப் போட வேண்டியிருக்கும், வருத்தப்படாதீங்க" என்று சிரித்தமுகமாகச் சொல்லிவிட்டாள். வருத்தப்படாமல் வேறென்ன செய்வது? வார்டு மெம்பர் முத்திருளாயியின் மருமகளிடம் ஸ்கூட்டரும் இருந்தது, லைசென்ஸும் இருந்தது.

வெயிலுகந்தாள் வீட்டில் இருந்ததோ கணவர் பெருமாள்சாமியின் பழைய கியர் வண்டி. அச்சாபீஸ் வேன் வாசலுக்கே வந்து அவரை ஏற்றிக்கொண்டு போவதால் வண்டி சாக்குப் போர்த்திக் கிடந்தது. சாக்கை எடுத்த அன்றைக்கே ஆளாளுக்கு யோசனை சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள்.

கோயம்புத்தூரிலிருந்து மகன், தலை முழுக்க மூடுகிற ஹெல்மெட்தான் வாங்க வேண்டும் என்றான். மங்களூரில் நர்ஸாக இருக்கும் மகள் செண்பகவல்லி, முழங்கைக்கும் தோளுக்கும் பஞ்சு வைத்த சட்டை, கணுக்காலை மூடும் ஷூ, கையுறை, மழைக்கோட்டு என்று ஒரு பட்டியலே அனுப்பினாள். "மழையே இல்லாத ஊருக்கு எதுக்குடி மழைக்கோட்டு" என்று கேட்டால், "இங்க விடாமப் பெய்யுதும்மா, எனக்குப் பயமா இருக்கு" என்றாள். மங்களூரில் பெய்கிற மழைக்கு ஏழுகிடாய்ப்பட்டியில் கோட்டு போட வேண்டும். மகள் நாளைக்கு நாலு தடவை கூப்பிடுவதை நிறுத்துவதற்காகவே அவள் டவுனுக்குப் பஸ் ஏறினாள்.

டவுனில் ஜெபராஜ் கடைக்காரர் பொறுமைசாலி. முதல் ஹெல்மெட் கொண்டையில் இடித்து நின்றது, ரெண்டாவது கொண்டை மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. கடைசியில் அவள் கடைக்குள்ளேயே கொண்டையை அவிழ்த்துக் கீழே தாழப் பின்னல் போட்டுக்கொண்டாள்.

"நாடிக்குக் கீழ வார இறுக்கினா ஒரு விரல்தான் போகணும். தலைய ஆட்டுங்கக்கா. ஹெல்மெட்டு தனியா ஆடுச்சுன்னா அது பெருசு."

ஆட்டினாள். ஆடவில்லை. ஆனால் கடை முழுக்க ஊமையாகிவிட்டது.

"தம்பி, இதப் போட்டா காது கேக்கல. யாராச்சும் கூப்பிட்டா?"

"ஹாரன் கேக்கும்க்கா. ஊர்ப் பேச்சுதான் கேக்காது."

மழைக்கோட்டில் அவளுக்குப் பிடித்தது காப்பித்தூள் நிறத்தில், தலைவழியாகப் போட்டுக்கொள்கிற விரிகோட்டு. அது காற்றில் பறந்து செயினில் மாட்டும் என்று ஜெபராஜ் எடுக்கவே விடவில்லை. சட்டை தனியாக, பேன்ட் தனியாக, தையல் ஓட்டையெல்லாம் உள்பக்கம் வெள்ளைப் பட்டை ஒட்டி அடைத்த ஒன்றை எடுத்துப் போட்டார். நிறம் மஞ்சள். கண் கூசுகிற மஞ்சள்.

"இதப் போட்டுட்டு நான் எப்படி வீடு வீடாப் போவேன்? சாமியாடி மாதிரி இருக்கும்."

"மழையில லாரிக்காரனுக்குத் தெரியணும்க்கா. உங்களுக்குப் பிடிக்கணும்னு இல்ல."

வாங்கியாயிற்று. சேலைக்கு மேல் அந்தப் பேன்ட் ஏறாது என்பதால் சுடிதாரும் வாங்கியாயிற்று. அதை உடுத்திக்கொண்டு தெருவில் இறங்கிய அன்று, காளியம்மன் மேடையில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தவர்கள் மெல்லுவதை நிறுத்தினார்கள் என்பதைத் தவிர வேறொன்றும் நடக்கவில்லை.

பிசகு நடந்தது முளைப்பாரி அன்றைக்கு. ஏழுகிடாய்ப்பட்டியில் புதுச் சாமான் எதுவானாலும், குக்கரானாலும் கம்ப்யூட்டரானாலும், முத்தாலம்மன் காலடியில் ஒரு நேரம் வைத்து எடுக்காமல் யாரும் தொடமாட்டார்கள். அவளும் வண்டிக்கு எலுமிச்சம்பழம் நசுக்கி, ஹெல்மெட்டுக்குச் சந்தனப் பொட்டு வைத்து, கோட்டை மடித்துத் தாம்பாளத்தில் கொண்டுபோனாள். கோயிலில் முளைப்பாரிச் சட்டிகள் இடம் இல்லாமல் நிறைந்திருக்க, தாம்பாளத்தை அவற்றுக்கு நடுவிலேயே வைத்துவிட்டாள். சட்டி வைத்தவர்கள் கேட்பது எதுவென்று அம்மனுக்கும் தெரியும், பூசாரிக்கும் தெரியும்; அன்றைக்கு அந்த வரிசையில் இருக்கிற எல்லாவற்றுக்கும் கேட்கிறது ஒன்றுதான். கொண்டையா பூசாரி கண்ணை மூடிக்கொண்டு, வரிசை பார்க்காமல், பெயர் சொல்லிச் சொல்லி ஒவ்வொன்றின் மேலும் மூன்று கை மஞ்சள் தண்ணீர் தெளித்து, "வெயிலுகந்தா பேருக்கு மழையக் குடு தாயே" என்று கோட்டின் மேலும் தெளித்துவிட்டுப் போய்விட்டார். அம்மன் கேட்ட இடத்தில் கொடுத்தாள்.

மறுநாள் காலையில் சும்மா அளவு பார்க்கலாம் என்று பேன்ட்டை மாட்டி, கோட்டை மாட்டி, ஜிப்பைக் கழுத்துவரை இழுத்தாள். தோளில் சில்லென்று ஒரு சொட்டு விழுந்தது. பிறகு ஒன்று. பிறகு எண்ண முடியாமல், வலது கக்கத்துக்குக் கீழே வயிறு இரைவது போலச் சின்னதாக ஓர் இடி இடித்து, கோட்டுக்குள் மழை பிடித்துக்கொண்டது. முதுகில் ஓடி, இடுப்பில் தேங்கி, பேன்ட்டில் இறங்கி, ரெண்டு கால் வழியாகவும் கைநுனி வழியாகவும் வாசலில் ஊற்றியது. வெளியே சுள்ளென்று வெயில். புது மழை மண்ணில் விழுந்தால் வருமே ஒரு வாசனை, அது அவள் கழுத்துப் பட்டியிலிருந்து வந்தது.

பெருமாள்சாமி பல்குச்சியோடு வந்து பார்த்தார்.

"இவளே, ஜிப்பைச் சரியாப் போட்டியா?"

அவ்வளவுதான் கேட்டார். இருபத்தாறு வருஷக் குடித்தனத்தில் எந்தக் கோளாறுக்கும் அவர் முதலில் கேட்பது அதுதான், அவள் எதைச் சரியாகப் போட்டாள் என்பது.

மகளுக்குப் போன் போட்டாள்.

"அம்மா, அது வேர்வைம்மா. காத்துப் போற துணியாப் பாத்து வாங்குன்னு சொன்னேன்ல?"

"வேர்வையில தவளைக்குஞ்சு வருமாடி? பேன்ட்டுக்குள்ள இருந்து நாலு விழுந்திருக்கு."

"நீ உள்ள பனியன் போட்டியா?"

கோட்டைச் சுருட்டிக்கொண்டு ஜெபராஜ் கடைக்குப் போனாள். அவர் மாட்டச் சொன்னார், மாட்டினாள், கடைக்குள் தண்ணீர் ஓடியது. கால்மேல் கால் தூக்கி வைத்துக்கொண்டு, தையலெல்லாம் தடவித் தடவிப் பார்த்தார்.

"பட்டையெல்லாம் நல்லாத்தான்க்கா ஒட்டியிருக்கு. வெளிய இருந்து தண்ணி உள்ள வந்தா மாத்திக் குடுக்கலாம். உள்ளயே பெஞ்சா அதுக்கு வாரண்டி இல்ல."

அவள் ஊர் திரும்புவதற்குள், வாசலில் ஊற்றிய தண்ணீரைக் கோழி குடித்ததையும், எதிர்வீட்டுக்காரி ஒரு செம்பு பிடித்துப் பருப்பு வேகவைத்ததையும், பருப்பு வெண்ணெயாகக் குழைந்ததையும் ஊர் பேசி முடித்திருந்தது. ஏழுகிடாய்ப்பட்டித் தண்ணீரில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது, டீ திரியும். மறுநாள் விடிந்தபோது அவள் வாசலில் பதினேழு குடம் இருந்தது.

"சும்மா ஒரு அஞ்சு நிமிஷம் மாட்டிக்கிட்டு நில்லு மதினி," என்றாள் முத்திருளாயி. முதல் குடம் அவளுடையது.

நின்றாள். பிறத்தியார் தாகத்துக்கு ஒரு குடம் தண்ணீர் இல்லை என்று சொல்ல அவளுக்கு வாய் வராது. காலையில் விளக்கேற்றும்போதுகூடத் தன் பிள்ளைகளுக்குக் கேட்பதற்கு முன்னால் ஊருக்குக் கேட்கிறவள். அந்தக் குணத்தை ஊர் நன்றாகத் தெரிந்துவைத்திருந்தது. நாலாம் நாள் பால் சொசைட்டி போர்டில் சாக்கட்டியால் எழுதிப்போட்டார்கள்: காலை ஆறு மணி கீழத்தெரு, ஏழு மணி மேலத்தெரு, சாயந்தரம் நாலு மணி வடக்குத்தெரு, ஞாயிற்றுக்கிழமை மாடு குளிப்பாட்ட. மேலத்தெருக்காரர்கள் தங்கள் முறைக்கு வரும்போது மழை சிறுத்துப்போகிறது என்று சண்டைக்கு வந்தார்கள். கையைத் தூக்கிக்கொண்டு நின்றால் நன்றாக ஊற்றுகிறது என்று ஒருவர் கண்டுபிடித்தார். அதற்கப்புறம் கையைத் தூக்கிக்கொண்டு நிற்க வேண்டியதாயிற்று. கோட்டைக் கடன் வாங்கிப் பெருமாள்சாமி போட்டுப் பார்த்தார், வேர்வை மட்டும் வந்தது. முத்திருளாயி போட்டுப் பார்த்தாள், அதுவும் வரவில்லை. பெயர் சொல்லித் தெளித்த தண்ணீர் வேறு ஆளுக்குப் பெய்யாது என்று பூசாரி சொல்லிவிட்டார். அவர் தப்பைப் பற்றி யாரும் அவரிடம் கேட்கவும் இல்லை.

அவளுக்கு விரலெல்லாம் ஊறிச் சுருங்கியது. கால்விரல் இடுக்கில் சேற்றுப்புண் வந்தது. சொட்டுகிற உடுப்போடு போவதால் மாத்திரை டப்பாவைப் பாலித்தீன் பையில் சுற்றி, அதை ஒரு தூக்குவாளியில் போட்டு மூடி எடுத்துக்கொண்டு பழையபடி நடந்தே போய்வந்தாள். வண்டி பழக நேரம் இருந்தால்தானே? எட்டுப் போட வேண்டும். சுண்ணாம்பில் போட்ட எட்டின் மேலேயே கால் ஊன்றாமல் ரெண்டு சுற்று வர வேண்டும். அவளோ முதல் வளைவிலேயே காலை ஊன்றிவிடுகிறாள். பெருமாள்சாமி பின்னால் உட்கார்ந்து, "கிளட்ச விடு, விடாத, ஏன் விட்ட" என்று மூன்றையும் ஒரே மூச்சில் சொன்னால் யாருக்குத்தான் வரும்? அதற்குள் வடக்குத்தெருவிலிருந்து ஆள் வந்துவிடும்.

நிற்கிற நேரத்தில் அவள் செய்ய முடிந்தது ஒன்றுதான். கையைத் தூக்கிக்கொண்டு, காலடியில் சேறாகிக் கிடந்த மண்ணில் பெருவிரலால் எட்டுப் போட்டாள். வலது வளைவு, நடு, இடது வளைவு, நடு. வாய் அம்மனைக் கூப்பிட்டுக்கொண்டிருக்க, விரல் எட்டைப் போட்டுக்கொண்டிருக்கும். குடம் நிரம்பி அடுத்த குடம் வரும், எட்டு அழிந்து அடுத்த எட்டு வரும். இருபத்துமூன்று நாள்.

"இனிமே உனக்கு எதுக்கு மதினி லைசென்ஸு?" என்று ஒருநாள் குடத்தை நகர்த்திக்கொண்டே கேட்டாள் முத்திருளாயி. "மாத்திரைய எம் மருமக குடுத்துட்டு வரட்டும். நீ இங்கன நின்னாப் போதும். ஊருக்கே நீதான் தாயி."

"உம் மருமகளுக்கு வடுகபட்டி ஆசாரி மாத்திரைய நாக்குக்கு அடியில ஒதுக்கிவச்சுத் துப்புவாருன்னு தெரியுமா?"

"சொல்லிக்குடு, தெரிஞ்சுக்கிறா."

வெயிலுகந்தாளுக்குத் தும்மல் வந்தது. அன்றைக்கு விளக்கேற்றும்போது முதல்முறையாகச் சாமியிடம் கொஞ்சம் சத்தமாகப் பேசினாள். "ஊருக்குத்தான தாயே கேட்டேன். எனக்கா கேட்டேன்? ஊருன்னா எஞ் சட்டைக்குள்ளயா இருக்கு?"

டெஸ்ட்டு ஐப்பசிக் கடைசி வியாழக்கிழமை, காலை ஒன்பது மணிக்கு. அதற்கு மேல் தேதி கிடையாது. பழகுகிற லைசென்ஸோடு தனியாக ஓட்டக்கூடாது என்பதால் பெருமாள்சாமி லீவு போட்டிருந்தார். அவள் ஆறு மணிக்கே குளித்து, தாழப் பின்னிக்கொண்டு, ஷூ மாட்டி, பஞ்சு வைத்த சட்டை மாட்டிக் கதவைத் திறந்தால், மூன்று தெருக் குடமும் வரிசையில் நின்றது.

"இன்னைக்கு எனக்குப் பரீட்சை."

"தெரியும் மதினி, அதான் சீக்கிரமா வந்தோம். ஒரு தெருவுக்கு மட்டும் நின்னுட்டுப் போ."

பஞ்சு வைத்த சட்டையைக் கழற்றிவிட்டுக் கோட்டை மாட்டிக்கொண்டு நின்றாள். ஒரு தெரு முடிந்தது. "அவங்களுக்கு மட்டும் குடுத்துட்டுப் போனா எப்படி?" என்று ரெண்டாவது தெரு. கையைத் தூக்கிக்கொண்டு நின்றாள். மணி எட்டே கால். வடக்குத்தெருக்காரர் ஒருவர் குடம் மட்டுமில்லாமல் ஒரு சிமென்ட் தொட்டியையே தட்டுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார். பின்னால் பெருமாள்சாமி, "இவளே, கைய இன்னுங் கொஞ்சம் தூக்கினா சீக்கிரம் முடிஞ்சிரும்" என்றார்.

அவள் கையை இறக்கினாள்.

யாரையும் வையவில்லை. ஜிப்பை இழுத்துக் கோட்டைக் கழற்றினாள். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்கு யூனிபார்மில் கறை பட்டுவிட்டால், துவைக்க நேரமில்லாத காலையில் தாய்மார் செய்வார்களே, அதைத்தான் செய்தாள். ரெண்டு கையையும் உள்ளே விட்டு, தலையணை உறையைப் புரட்டுவது போலக் கோட்டைப் புரட்டினாள். பேன்ட்டையும் புரட்டினாள். மஞ்சள் உள்ளே போய், வெள்ளைப் பட்டை ஒட்டிய தையலெல்லாம் வெளியே வந்தது. வீட்டுக்குள் போய்த் துவட்டி, உலர்ந்த உடுப்பும் பஞ்சுச் சட்டையும் போட்டு, அதன் மேல் பேன்ட்டையும் கோட்டையும் மாட்டி, ஜிப்பின் நாக்கு உள்பக்கம் போய்விட்டதால் கழுத்துவழியாகக் கையை விட்டுத் தடவி இழுத்து, ஹெல்மெட்டை மாட்டி ஒரு விரல் விட்டுப் பார்த்துவிட்டு வண்டியை உதைத்தாள். பெருமாள்சாமி ஓடிவந்து ஏறிக்கொண்டார்.

ரெண்டாவது கியர் விழுந்தபோது ஹெல்மெட் கண்ணாடியில் ஒரு சொட்டு விழுந்தது. வெளியே. பிறகு ஒன்று. பிறகு எண்ண முடியாமல், கோட்டுக்கு உள்பக்கமாக இருந்ததெல்லாம் இப்போது வெளிப்பக்கமாகிவிட்டதால், வெளியே என்று என்னென்ன உண்டோ அத்தனையின் மேலும், தொட்டியின் மேலும் குடத்தின் மேலும் பால் சொசைட்டி போர்டின் மேலும் கண்மாய்க்கரையின் மேலும் வடுகபட்டி ஆசாரி வீட்டுக் கோழிக்கூட்டின் மேலும், பத்து ஊருக்கும் அதைத் தாண்டி டவுனுக்கும் சேர்த்து, ரெண்டு வருஷ மழை பெய்தது. அவளுக்கு மட்டும் ஒரு சொட்டுப் படவில்லை. முதுகு காய்ந்திருப்பது எப்படி இருக்கும் என்பதே மறந்துபோயிருந்தது; காய்ந்த முதுகோடு பதினாலு கிலோமீட்டர் போனாள். எதிரே வந்த லாரியெல்லாம் தூரத்திலேயே அந்த வெள்ளைப் பட்டைகளைப் பார்த்து ஒதுங்கிப் போயின.

"இவளே, திருப்பு," என்று கத்தினார் பெருமாள்சாமி. அவரிடம் கோட்டு இல்லை.

"கோட்டையா, வண்டியையா?"

அவர் சொன்னது காற்றில் போய்விட்டது.

மைதானத்தில் ஆளில்லை. டெஸ்ட்டுக்குப் பெயர் எழுதிவைத்திருந்த பத்துப் பேரும் டீக்கடைக் கூரைக்குள் ஒண்டியிருந்தார்கள். இன்ஸ்பெக்டர் ஜீப்புக்குள் உட்கார்ந்து கண்ணாடியை நாலு விரல் இறக்கினார்.

"கோடெல்லாம் கரைஞ்சுபோச்சும்மா. எதப் பாத்து எட்டுப் போடுவீங்க? அடுத்த வாரம் வாங்க."

"அடுத்த வாரம் எனக்குக் கிடையாது சார். கோடு வேண்டாம்."

பெருமாள்சாமி இறங்கிக்கொண்டார். அவள் வண்டியைச் சேற்றில் இறக்கினாள். வலது வளைவு, நடு, இடது வளைவு, நடு. அவள் எதையும் யோசிக்கவில்லை. இருபத்துமூன்று நாள் பெருவிரல் போட்ட வழியில் சக்கரம் தானாகப் போயிற்று. வாய் வழக்கம்போல அம்மனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. மூன்றாம் சுற்றில்தான், போதும் என்று இன்ஸ்பெக்டர் கையாட்டுவது தெரிந்தது. அவர் கண்ணாடியை முழுசாக இறக்கி, மழை முகத்தில் அடிக்க, மைதானத்தைப் பார்த்தார். சேற்றில் ஒரே ஒரு எட்டுக் கிடந்தது. மூன்று சுற்றும் ஒரே தடத்தில். பக்கத்தில் எங்கும் கால் பதிந்த குழி இல்லை.

"எங்கம்மா பழகுனீங்க?"

"வீட்டு வாசல்லதான் சார். நின்ன இடத்துல."

கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

ஊருக்குள் அவள் திரும்பியபோது தெரு முழுக்கக் குடம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது, யாரும் எடுக்கவில்லை. ஒருத்தருக்காவது சந்தோஷம் வரும் என்று நினைத்தாள். மிளகாய் வற்றல் நனைந்துபோன வீட்டுக்காரி, "சொல்லிட்டுப் புரட்டக் கூடாதா?" என்றாள். சாணி எருவாட்டி கரைந்துபோனவள் கதவைச் சாத்திக்கொண்டாள். சிமென்ட் தொட்டிக்காரருக்குத் தட்டுவண்டிச் சக்கரம் புதைந்துவிட்டது. முத்திருளாயி முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு நடுத்தெருவுக்கே வந்து நின்றாள்.

"எப்ப மதினி நிறுத்துவ? கூரையெல்லாம் ஒழுகுது. மறுபடி பழையபடியே போட்டுக்கயேன். அதுதான் அளவா வந்துச்சு."

வெயிலுகந்தாளுக்கு முதலில் கோபம் வந்தது. கோபத்துக்குப் பின்னாலேயே சிரிப்பு வந்தது. சிரிப்பையும் ஹெல்மெட்டுக்குள்ளேயே வைத்துக்கொண்டாள். வண்டியை அணைக்காமல் கணவரை இறக்கிவிட்டு, வீட்டுக்குள்ளிருந்து தூக்குவாளியை எடுத்துவரச் சொன்னாள். மூடியைத் திறந்து பார்த்தாள்: மாத்திரை காய்ந்திருந்தது. அன்றைக்குத் தேதி பன்னெண்டு, வடுகபட்டி நாள். நடந்து போனால் ஒரு மணி நேரம். ஆசாரி காலையிலிருந்து வாசல்படியில் உட்கார்ந்து, வரமாட்டாள் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருப்பார். அவர் வாயைத் திறக்கச் சொல்லி நாக்குக்கு அடியில் பார்க்க வேண்டும்.

முத்திருளாயி மழைக்கு மேலாக என்னவோ சொல்லிக்கொண்டிருந்தாள், கையை ஆட்டி ஆட்டி. அவளுக்குப் பின்னால் மேலத்தெரு சொன்னது, வடக்குத்தெரு சொன்னது. எல்லோர் வாயும் அசைந்தது. வெயிலுகந்தாள் அவர்களைப் பார்த்துத் தலையைத் தலையை ஆட்டினாள். ஹெல்மெட் தனியாக ஆடவில்லை. கடைக்காரர் சொன்னது சரிதான்.

முதல் கியரைப் போட்டுக் கிளட்சை மெதுவாக விட்டாள்.